சுவருக்குள் போன வயர்

அந்த வருஷம் ஐப்பசி மழை சங்கரன்கோவிலுக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. வழக்கமாக இருட்டிக்கொண்டு வந்து, நாலு தூறல் போட்டு ஏமாற்றிவிட்டுப் போகிற மழைதான். அந்தத் தடவை தெருவில் விசைத்தறிகள் நின்று நின்று ஓடின. துணி காயாத வாடை எல்லா வீட்டிலும் அடித்தது.

திருவேங்கடம் சாலையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஞானஒளிவு, அன்று சாயங்காலம் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தார். ஹாலில் நின்று தலையைத் துவட்டும்போதுதான் டிவிக்குக் கீழே சுவரில் பெயின்ட் உப்பியிருப்பது கண்ணில் பட்டது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கொப்புளம். கண்ணாடிக்காரருக்குக் கை சும்மா இருக்காது. தடவிப் பார்த்தார்.

சுள்ளென்று இழுத்தது.

பெரிய அடி இல்லை. எறும்பு கடித்துவிட்டு விரலோடு கொஞ்ச தூரம் ஓடினாற்போல் இருந்தது. கையை உதறிக்கொண்டு சுவரையே பார்த்தபடி நின்றார். மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாய் அந்தச் சுவரின் மறுபக்கம்தான் போகிறது. ஈரம் உள்ளே இறங்கி, உள்ளே கிடக்கும் வயரைத் தொட்டுவிட்டது. இதைப் புரிந்துகொள்ள அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. யாரிடமும் சொல்லப்போவதில்லை என்று முடிவு செய்யவும் ஆகவில்லை.

அடுப்படியிலிருந்து ஷீலாவின் குரல் வந்தது. "என்னங்க, என்னமோ சத்தம் கேட்டுச்சு?"

"ஒண்ணுமில்ல. துண்டு கீழ விழுந்துட்டு."

"துண்டு விழுந்தா சத்தம் கேக்குமா?"

அவர் மறுபடியும் தலையைத் துவட்ட ஆரம்பித்தார்.

அந்த வயரைச் சுவருக்குள் வைத்தவன் அவர்கள் மகன் கிறிஸ்வின். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் முடித்துவிட்டு, செல்போன் டவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். தீபாவளி போனஸில் பெரிய டிவியாக வாங்கிக்கொண்டு வந்தான். சுவரில் மாட்டி முடித்ததும் ஷீலா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். மேலநீலிதநல்லூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவள். பிள்ளைகளின் நோட்டில் ஒரு கோடு கோணினால் பொறுக்கமாட்டாள்.

"டிவி நல்லாத்தாம்ல இருக்கு. கீழ என்னது இது, குடல் சரிஞ்ச மாதிரி இத்தன வயர் தொங்குது?"

"எம்மா, டிவின்னா வயர் இருக்கும்."

"நம்ம சர்ச்சு ஐயர் வீட்ல இல்லயே. சுவர் துடைச்சு வச்ச மாதிரில்லா இருக்கு."

"அவங்க வீடு கட்டும்போதே உள்ள விட்டிருப்பாங்கம்மா. நம்ம வீட்டுச் சுவர் நாலரை இஞ்சு. கொத்துனா அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியும்."

"எலெக்ட்ரிகல் படிச்சவன் சொல்லுத பேச்சால இது?"

அது அவனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அந்த வாரம் சனிக்கிழமை மத்தியானம் வேலையிலிருந்து வந்த கையோடு உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்துவிட்டான். சுவரை வாய்க்கால் மாதிரி கொத்திக்கொண்டே போனான். செங்கல் தூசியில் தலைமுடி சிவந்துவிட்டது. வயரை உள்ளே விட வாங்கி வைத்திருந்த பைப் அந்தப் பள்ளத்துக்குள் அடங்கவில்லை. இன்னும் ஆழமாகக் கொத்தினால் சுவர் தாங்காது. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. "விடிஞ்சா ஓய்வுநாளு. நாளைக்கு வீட்டுக்குள்ள சுத்தியல் சத்தம் கேக்கக் கூடாது" என்று ஷீலா இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனாள். அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஊசியில் நூல்கூடக் கோர்க்கமாட்டார்கள். திங்கட்கிழமை காலையில் அவன் டவர் வேலைக்கு வெளியூர் போக வேண்டும். பாதி கொத்திய சுவரை அப்படியே விட்டுவிட்டுப் போக அவனுக்கு மனசில்லை.

கடைசியில் வயரும் எட்டவில்லை. ஒரு முழம் குறைந்தது. கடைக்குப் போய் வாங்கிவர நேரமில்லை. பழைய வயர்த் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து, முறுக்கி, டேப் சுற்றினான். பைப்பை மூலையில் சாத்திவிட்டு வயரை அப்படியே பள்ளத்தில் வைத்து அமுக்கினான். ஞானஒளிவுதான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இங்கன அடிங்கப்பா. என் மூஞ்சில அடிக்கீங்க."

"ஏலே, சுவத்துக்குள்ள ஜாயிண்ட் வைக்கலாமா?"

"ஒண்ணும் ஆகாதுப்பா. மேல சிமென்ட்டு பூசிருவோம்."

சுவிட்சும் வைக்கவில்லை. சுவிட்சு என்றால் அதற்கு ஒரு பெட்டி, அதுவும் அம்மாவின் கண்ணை உறுத்தும் என்று இன்வெர்ட்டர் லைனிலிருந்து நேராக எடுத்துவிட்டான். கரண்ட் போனாலும் டிவி நிற்காது என்று அதற்கு ஒரு பெருமை வேறு. இருட்டுவதற்குள் சிமென்ட்டும் பூசியாயிற்று. மறுவாரம் பெயின்ட் அடித்தபிறகு எங்கே கொத்தினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

பக்கத்து வீட்டு கோமதித்தாய் வந்து பார்த்து மூக்கில் விரல் வைத்தாள். "ஏட்டி ஷீலா, வயரே இல்லாம ஓடுதே! கரண்டு காத்துல வருதோ?"

"இது ஜெபத்துல ஓடுத டிவி அக்கா" என்றான் கிறிஸ்வின். "உங்க வீட்டுக்கும் வேணும்னா வாரவாரம் கோயிலுக்கு வாங்க."

"போலே! உங்க கோயில்ல வந்து நான் சீரியல் பாக்கவா?"

மறுவருஷம் ஆடி மாதம், ராஜபாளையம் சாலையில், முன்னால் போன லாரி திடீரென்று நின்றதில் கிறிஸ்வின் போய்விட்டான்.

அதன்பிறகு ஒவ்வொன்றாக அவனுடைய சாமான்கள் வீட்டை விட்டுப் போயின. சட்டைகளைச் சபையின் பிள்ளைகள் விடுதிக்குக் கொடுத்தார்கள். பைக் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் துருப்பிடித்துக் கிடந்து, யாரோ எடுத்துப்போனார்கள். செல்போனைத் திறக்க யாருக்கும் தெரியவில்லை. அவன் கையால் ஆரம்பித்து முடித்த வேலை என்று அந்த வீட்டில் மிஞ்சியது அந்தச் சுவர் மட்டும்தான். வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்து, "பிள்ள என்ன அழகாச் செஞ்சிருக்கான்" என்பார்கள். ஷீலா "ஆமா" என்பாள். ஞானஒளிவு வேறு பக்கம் பார்ப்பார். உள்ளே டேப் சுற்றிய ஒரு முடிச்சு கிடப்பது அவருக்குத் தெரியும்.

சுவரை உடைத்தால் அது எல்லோருக்கும் தெரிந்துவிடும். எலெக்ட்ரீஷியன் உச்சுக்கொட்டுவான். "யார் பாத்த வேல இது?" என்று கேட்பான். அவர்கள் எப்போதும் அப்படித்தான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்கத் தன்னால் முடியாது என்று ஞானஒளிவுக்குத் தோன்றியது.

சுவரோடு சேர்ந்து கிடந்த மரச்சோபாவை எதிர்ப்பக்கம் நகர்த்தினார். "வெளிச்சம் கண்ணைக் கூசுது" என்றார். ஷீலா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

இது மட்டும் என்றால் பயம் என்று சொல்லிவிடலாம். ஆனால் மறுநாள் சாயங்காலம், ஷீலா பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்கு முன்னால், அவர் மறுபடியும் அந்தக் கொப்புளத்தில் புறங்கையை வைத்தார். தெரிந்தே வைத்தார். அது விறுவிறுவென்று இழுத்தது. கையை எடுத்தார். பிறகு மறுபடியும் வைத்தார். அதற்கு மறுநாளும் வைத்தார்.

கல்லறைத் தோட்டத்தில் போய் நிற்கும்போது சிமென்ட்டும் சிலுவையும்தான் இருந்தன. போட்டோவைத் தொட்டால் கண்ணாடி. இருபத்தைந்து வருஷமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்த கைக்குக் கண்ணாடி என்ன சொல்லப்போகிறது? இந்தச் சுவர் மட்டும் தொட்டவுடன் பதில் சொன்னது. அது பைத்தியக்கார நினைப்பு என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், மழை வெறித்த நாளில் சுவர் காய்ந்து கை சும்மா இருந்தபோது, நெஞ்சுக்குள் ஏதோ இறங்கிப்போனது. மறுபடி மேகம் கூடியபோது மனம் லேசானது. அப்படி லேசானதை நினைத்துத்தான் அவர் முதன்முதலாகப் பயந்தார்.

கார்த்திகை பிறந்த பிறகு, தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்திருந்த மகள் பிளஸ்ஸி போன் செய்தாள். போன கிறிஸ்துமஸ் துக்க வீடு. ஸ்டாரும் இல்லை, முறுக்கும் சுடவில்லை, பாட்டுப் பாடி வரும் சபைப் பிள்ளைகளும் வாசலோடு ஜெபம் பண்ணிவிட்டுப் போய்விட்டார்கள். இந்த வருஷம் முன்கூட்டியே வந்து அம்மாவோடு இருக்கலாம் என்று அவள் நினைத்திருந்தாள்.

"லீவு சொல்லியாச்சுப்பா. அடுத்த வாரமே வாரோம். உங்க பேத்தி இப்ப ஒரு இடத்துல இருக்க மாட்டேங்கா. சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு வீடு பூரா நடக்கா. கையில எச்சி, வாயில எச்சி, சுவரெல்லாம் அவ கைதான்."

ஞானஒளிவு போனைக் காதில் வைத்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்தார். கொப்புளம் இப்போது கீழே இறங்கி முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது.

"இந்த வருஷம் வேண்டாம் மக்கா" என்றார்.

"என்னப்பா?"

"இங்கன மழையா இருக்கு. பிள்ளைக்குச் சளி பிடிக்கும். நாங்க அங்க வாரோம்."

அந்தப் பக்கம் பேத்தியின் மழலை கேட்டது. பிறகு பிளஸ்ஸி கேட்டாள். "தம்பி போயிட்டான்னா எனக்கும் அந்த வீடு இல்லையாப்பா?"

"அப்படிச் சொல்லல..."

"வேற எப்படிச் சொல்லுதீங்க?"

போன் வைக்கப்பட்டது. திரும்பினால், ஷீலா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் பள்ளிக்கூட விடைத்தாள் கட்டு, காலில் ரப்பர் செருப்பு.

"பிள்ளைய வர வேண்டாம்னா சொன்னீங்க?"

"மழைக்கு..."

"மழையப் பத்தி என்ட்ட பேசாதீங்க."

அவள் விடைத்தாளை வைத்துவிட்டு நேராகச் சுவரைப் பார்த்து நடந்தாள். "ஷீலா, தொடாதே!" என்று அவர் கத்திவிட்டார். அவள் தொடவில்லை. அந்த இடத்தில் நின்று திரும்பினாள்.

"நான் எதுக்கு இத்தன நாளா வீட்டுக்குள்ள செருப்புப் போட்டுட்டு நடக்கேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

அவர் அவள் காலைப் பார்த்தார். ஆமாம், கேட்கவில்லை. கவனிக்கவே இல்லை.

"மொத மழைக்கு மறுநா காலையில, இந்த இடத்தத் துடைக்கும்போது ஈரக்கையில இழுத்துச்சு. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு, உங்கட்ட சொல்லணும்னுதான் வந்தேன். நீங்க சுவத்துல கைய வச்சுட்டு நிக்கீங்க. கண்ண மூடிட்டு." அவள் குரல் கொஞ்சம் தளும்பியது, அதை அதட்டி நிறுத்தினாள். "நான் திரும்பி வாசலுக்குப் போய், இப்பத்தான் பஸ்ஸ விட்டு இறங்கி வார மாதிரி கேட்டைத் தட்டுனேன். அன்னிக்கு மட்டும் இல்ல. தினமும்."

"நீ ஏன் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? நான் பெத்தவ. எனக்குக் கை வைக்க ஆச இல்லன்னா நினைக்கீங்க?"

மாடிக்குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம் சுவரின் அந்தப்பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அவன் வேலைய உடைக்க எனக்கு மனசு வரலட்டி" என்றார் ஞானஒளிவு. "ஆள் கூப்பிட்டா, தப்பாச் செஞ்சிருக்கான்னு சொல்லுவான். உள்ள ஜாயிண்ட் வச்சிருக்கான். பைப்பும் கிடையாது. அவன் இல்லாத நேரத்துல அவன ஒருத்தன் குறை சொல்ல நான் கேட்டுட்டு நிக்கணும்."

ஷீலா அதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கு அவன நான்தான் விரட்டுனேன், ஓய்வுநாளு ஓய்வுநாளுன்னு" என்றாள். பிறகு நிமிர்ந்தாள். பள்ளிக்கூடத்துக் குரல் வந்துவிட்டது.

"குறை சொன்னா சொல்லட்டும். இத நல்லாக் கேளுங்க. பிளஸ்ஸி பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னு வைங்க. நாளைக்குச் சம்பந்தி வீட்டுக்காரங்க கேப்பாங்க, யார் பாத்த வயரிங்னு. அப்போ அவன் பேர நான் சொல்லணுமா? என் பிள்ள செஞ்ச வேலையாலன்னு நான் வாயத் தொறந்து சொல்லணுமா? அவன் போனது பத்தாதா, அவனக் கொலகாரனா வேற ஆக்கணுமா நீங்க?"

ஞானஒளிவு சோபாவில் உட்கார்ந்தார். அவனைக் காப்பாற்றுவதாகத்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துச் செல்போனை எடுத்து, ராஜேஷ்குமாரைக் கூப்பிட்டார். கிறிஸ்வினோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். இப்போது ஊரில் வயரிங் வேலை பார்க்கிறான். கிறிஸ்வின் அடக்கத்துக்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கமே வராதவன். அவனை ஏன் கூப்பிட்டார் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. யாரோ ஒருத்தன் உச்சுக்கொட்டுவதற்கு அவன் கொட்டட்டும் என்று தோன்றியிருக்கலாம்.

சனிக்கிழமை காலையில் வந்தான். வாசலிலேயே தயங்கி நின்றான். "மாமா, அத்தை" என்று சொல்லிவிட்டுக் கருவிப்பையைக் கீழே வைத்தான். ஷீலா காபி கொடுத்தாள். பாதி குடித்துவிட்டு எழுந்து, மெயினை அணைத்து, டெஸ்டரைச் சுவரில் வைத்தான். டெஸ்டர் எரிந்தது.

"என்ன மாமா, மெயினை ஆஃப் பண்ணியும் எரியுது?"

"இன்வெர்ட்டர் லைன்லேர்ந்து எடுத்திருக்கான்."

"நேராவா? சுவிட்சு இல்லாமயா? அடப்பாவி..." என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டு போய் இன்வெர்ட்டரை அணைத்தான். மறுபடி வைத்துப் பார்த்தான். எரியவில்லை. உளியைச் சுவரில் வைத்துக்கொண்டு சுத்தியலை ஓங்காமலே உட்கார்ந்திருந்தான்.

"மாமா, நீங்க கடைக்குப் போயிட்டு வாங்களேன். முடிச்சுட்டு போன் பண்ணுதேன்."

"நீ கொத்து மக்கா. நான் இங்கனயே இருக்கேன்."

முதல் அடிக்குப் பெயின்ட் தோல் மாதிரி உரிந்துகொண்டு வந்தது. ஊறிப்போயிருந்த சிமென்ட் கட்டிகட்டியாக விழுந்தது. வயர் தெரிந்தது. ராஜேஷ்குமார் அதைத் தொடர்ந்து கீழே கொத்திக்கொண்டே வந்தான். முழங்கால் உயரத்தில் முடிச்சு. டேப் ஊறிப் பசையாகி, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. அவன் அதை விரலால் மறைப்பதுபோல் பிடித்துக்கொண்டான்.

"ஒண்ணுமில்ல மாமா. ஈரம் இறங்கிருக்கு, அவ்வளவுதான். எந்த வயரா இருந்தாலும் இப்படித்தான் ஆகும். அவன் வேலையில குறை ஒண்ணும் இல்ல."

சொல்லும்போது அவன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இந்த வார்த்தைக்காகத்தான் ஒன்றரை மாதமாக ஞானஒளிவு சுவரை மூடி வைத்திருந்தார். வந்துவிட்டது. வந்தபிறகு, அது போட்டோக் கண்ணாடியைத் தொட்டதுபோல் வழுவழுவென்று இருந்தது. செத்தவனைப் பற்றிச் சொல்லுகிற வார்த்தை அது.

"தப்புதானலே" என்றார்.

"மாமா..."

"நான்தான டார்ச்சு பிடிச்சேன். எனக்குத் தெரியாதா? சொல்லு, தப்புதான?"

ராஜேஷ்குமார் முடிச்சிலிருந்து விரலை எடுத்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

"சுத்தத் தப்பு மாமா. ஜாயிண்டைச் சுவத்துக்குள்ள வைக்கக் கூடாதுன்னு மொத வருஷமே சொல்லித் தருவாங்க. பைப்பு இல்ல, சுவிட்சு இல்ல. நான் மட்டும் அன்னிக்கு இருந்திருந்தா செவிட்டுல ஒண்ணு வச்சிருப்பேன்."

"அவன் என்ன சொல்லியிருப்பான்?"

"என்ன சொல்லுவான்? 'போலே, நீ ப்ராக்டிகல்ல எத்தன தடவ ஃபியூஸ் போக்குன'ன்னு கேப்பான். தப்ப ஒத்துக்கிடவே மாட்டான் மாமா, சனியன்."

ஷீலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முந்தானையை வாயில் வைத்து அழுத்தினாள். "ஆமாலே, ஒத்துக்கிட மாட்டான். மூதேவி. பைப்ப வாங்கிட்டு வந்து மூலையில சாத்தி வச்சான் பாரு. இன்னும் மாடியில கிடக்கு அது." அவள் கிழிந்த சுவரைப் பார்த்து, அங்கே ஒருவன் தூசியோடு குத்தவைத்து உட்கார்ந்திருப்பதுபோல், "ஒரு நாள் பொறுத்துச் செய்யப்பிடாதால எருமை?" என்றாள். பிறகு அழுதாள். ராஜேஷ்குமாரும் அழுதான். ஞானஒளிவு எழுந்து போய் விழுந்த சிமென்ட் கட்டிகளை ஒவ்வொன்றாகச் சட்டியில் பொறுக்கிப் போட்டார். அவர் மகனைத் திட்டி யாரும் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

மத்தியானத்துக்குள் பழைய வயரை முழுசாக உருவி எடுத்தாயிற்று. "திருப்பி உள்ள வைக்க இந்தச் சுவர் தாங்காது அத்தை. வெளிய பிளாஸ்டிக் பட்டி அடிச்சு அதுக்குள்ள வயர விடுதேன். ஆனா கண்ணுக்குத் தெரியும்" என்றான் ராஜேஷ்குமார்.

"தெரியட்டும்" என்றாள் ஷீலா.

அவன் வெள்ளைப் பட்டியை அளந்துகொண்டிருக்கும்போது, ஞானஒளிவு வாசலில் போய் நின்று பிளஸ்ஸிக்குப் போன் போட்டார். அவள் எடுத்தாள். எடுத்துவிட்டு, "ம்" என்றாள்.

"கோவமா மக்கா?"

"இல்லப்பா."

"அடுத்த வாரம் வாங்க. பிள்ளையக் கூட்டிட்டு வாங்க. ஸ்டாரு கட்டுவோம்."

"அன்னிக்கு ஏம்ப்பா வேண்டாம்னீங்க?"

ஞானஒளிவு உள்ளே திரும்பிப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை சுவர் பிளந்து, செங்கல் சிவப்பாகத் தெரிந்தது.

"அத ஏன் கேக்க மக்கா" என்று ஆரம்பித்தார். "ஒந்தம்பி ஒரு வேல பாத்து வச்சிருக்கான் பாரு, எலெக்ட்ரிகல் படிச்சவன் செய்யுத வேலையா அது? சனிக்கிழம சாயந்திரம், வயரு ஒரு முழம் குறையுது. அதுக்கு இவன் என்ன செஞ்சான் தெரியுமா..."

பிளஸ்ஸி, "என்ன செஞ்சான்?" என்று கேட்டாள்.